வேற்றுக்கிரக அறிஞரின் பிழை எங்கே நிகழ்கிறது?

மனித இனம் மறைந்து நெடுங்காலம் ஆனபின், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளிலிருந்து ஓர் ஆய்வுக்குழு பூமிக்கு வந்து அகழாய்வு செய்கிறது. புதைந்த வீடு ஒன்றில் கிடைத்த பீங்கான் கழிப்பறைத் தொட்டியைப் புனித நீர் ஏந்தும் கலம் என்று குழுவின் தலைவர் அறிவிக்கிறார். எல்லா இருக்கைகளும் ஒரே திசையை நோக்கிப் போடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, அத்திசையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியைக் குடும்ப தெய்வத்தின் பீடம் என்கிறார். துணிக்கடையில் நின்றிருந்த முகமில்லாப் பொம்மைகளை, பெயர் சொல்லக்கூடாத முன்னோரின் உருவங்கள் என்று வகைப்படுத்துகிறார். இந்த வகைக் கற்பனை எழுத்து எங்கும் வாசகரைச் சிரிக்க வைத்துவருகிறது. அறிஞர் முட்டாளாக இருப்பதால்தான் சிரிக்கிறோம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இவ்வகையில் சிறந்த படைப்புகளை எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை. அவற்றில் வரும் அறிஞர் பொருளை அளக்கிறார், கிடைத்த ஆழத்தைக் குறிக்கிறார், பிற இடங்களில் கிடைத்தவற்றோடு ஒப்பிடுகிறார், சான்றுக்கு மாறாக எதையும் சொல்வதில்லை. அவருடைய பிழை ஒரே ஓர் இடத்தில்தான் நிகழ்கிறது: பொருளின் வடிவத்திலிருந்து அதன் பயனுக்குத் தாவும் இடத்தில். அந்தத் தாவலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஏனெனில் மண்ணைத் தோண்டிப் பழங்காலத்தை அறிய முயலும் நம் அறிஞர்களும் அதே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள்.

ஒரு பொருளின் பயன் அந்தப் பொருளுக்குள் இல்லை என்பதை நாம் நாள்தோறும் மறந்துவிடுகிறோம். சாவியை எடுத்துக்கொள்வோம். பூட்டையே அறியாத ஓர் இனத்தின் அறிஞருக்கு அது ஓரத்தில் பற்கள் வெட்டப்பட்ட சிறு உலோகத் துண்டு. ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, ஆனால் ஒன்றின் பல்வரிசை மற்றொன்றினுடையதைப் போல இருப்பது அரிது. சில மனிதர்களிடம் ஒன்று, சிலரிடம் வளையத்தில் கோத்த ஒரு கொத்து. தேய்மானத்தைப் பார்த்தால் பல ஆண்டுகள் உடலோடு ஒட்டியே இருந்திருக்கிறது. இவற்றிலிருந்து அவர், 'இது ஒவ்வொருவரின் அடையாளத்தையும் பொறித்த சின்னம். எண்ணிக்கை கூடக்கூட அணிந்தவரின் தகுதியும் கூடியது' என்ற முடிவுக்கு வந்தால், அதில் எந்தப் படியைக் குறை சொல்ல முடியும்? ஒவ்வொரு கவனிப்பும் சரியானது, இணைப்பும் பொருத்தமானது. பொறுப்பு மிகுந்தவரிடம் சாவிகள் மிகுதியாக இருப்பதும் உண்மையே. அவருக்குக் கிடைக்காதது ஒரே ஒரு கண்ணி. துருப்பிடிக்காத பூட்டு ஒன்று கதவோடு கிடைத்துவிட்டால் முழு விளக்கமும் ஒரு நொடியில் சரிந்துவிடும். வாசகர் கையில் அந்தக் கண்ணி இருக்கிறது, அறிஞர் கையில் இல்லை. சிரிப்பு அந்த இடைவெளியிலிருந்து பிறக்கிறது.

பழகிய வாழ்வை அந்நியரின் கண்வழி காட்டும் முறை பழமையானது. 1721இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொண்டெஸ்கியூ தம் நூலில் இரு பாரசீகப் பயணிகளை பாரிசுக்கு அனுப்பினார். 1752இல் மற்றொரு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர், தம் கதையில் சிரியஸ் விண்மீனின் பகுதியிலிருந்து ஒரு பேருருவனைப் பூமிக்கு வரவழைத்தார். ஆனால் ஆய்வறிக்கையின் நடையையே கருவியாக்கிய படைப்பு என்று சொல்லத்தக்கது, 1956இல் அமெரிக்க மானிடவியல் ஆய்விதழ் ஒன்றில் ஹொரேஸ் மைனர் எழுதிய கட்டுரைதான். உடலை அருவருப்பானதாகக் கருதும் ஒரு பழங்குடி, வீடுதோறும் உடற்சடங்குக்கென ஓர் அறை கட்டுகிறது. சுவரில் பதித்த பெட்டியில் மந்திரப் பொருள்களைச் சேர்த்துவைக்கிறது. நாள்தோறும் பன்றிமயிர்க் கற்றையை வாய்க்குள் விட்டு அசைக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு முறை வாய்ப்பூசாரியிடம் சென்று வேதனையை விரும்பி ஏற்கிறது. Nacirema என்ற அந்தப் பழங்குடியின் பெயரைப் பின்னிருந்து படித்தால் அமெரிக்கர் என்று வரும். மைனரின் கட்டுரையில் ஒரு பொய்ச் செய்திகூட இல்லை. தொலைதூரத் தீவுகளின் மக்களைப் பற்றி மானிடவியலார் அதுவரை எழுதிவந்த அதே நடையைத் தம் அண்டை வீட்டின் குளியலறை மீது அவர் திருப்பினார், அவ்வளவே. அதைப் படித்தபின் அந்த நடையில் எழுதப்பட்ட பழைய நூல்களை முன்போல நம்பிக்கையோடு படிக்க முடிவதில்லை. இந்த எழுத்து வகையின் முழு ஆற்றலும் அங்கே வெளிப்பட்டது என்பது என் கருத்து.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1954இல், பிரிட்டிஷ் தொல்லியலாளர் கிறிஸ்டோபர் ஹாக்ஸ் ஓர் ஏணியை முன்வைத்தார். எழுத்துச் சான்று இல்லாத ஒரு சமூகத்தைப் பற்றி, எஞ்சிய பொருள்களை மட்டும் வைத்து எவற்றை அறியலாம் என்பதற்கான ஏணி அது. ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிவது எளிது; அது கீழ்ப்படி. அச்சமூகம் எதை உண்டு, எதை விளைவித்து, எதைப் பரிமாறி வாழ்ந்தது என்பதும் ஓரளவு எளிதே. ஆட்சியும் உறவுமுறையும் எப்படி இருந்தன என்று ஊகிப்பது கடினம். அவர்கள் எதை நம்பினார்கள், எதை வணங்கினார்கள் என்று சொல்வது எல்லாவற்றிலும் கடினம், அது உச்சிப்படி. கற்பனைக் கதைகளில் வரும் வேற்றுக்கிரக அறிஞரை இந்த ஏணியின் முன் நிறுத்தினால் அவர் செய்யும் காரியம் தெளிவாகிறது. கீழ்ப்படியில் கால் வைத்து, பீங்கான் எத்தனை பாகை வெப்பத்தில் சுடப்பட்டது என்று சரியாகக் கணிக்கிறார். அடுத்த மூச்சில் உச்சிப்படிக்குத் தாவிப் புனித நீரைப் பற்றிப் பேசுகிறார். நடுவில் இருக்கும் படிகளில் அவர் நிற்பதே இல்லை.

ஏன் எப்போதும் மதமும் சடங்கும்? இதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரு பொருளை உருவாக்க மிகுந்த உழைப்பு செலவாகியிருக்கிறது, அது பல இடங்களில் மீண்டும் மீண்டும் கிடைக்கிறது, ஆனால் உண்பதற்கோ வெட்டுவதற்கோ காப்பதற்கோ அது உதவியதாகத் தெரியவில்லை என்றால், ஆய்வாளரிடம் மிஞ்சும் பெட்டி 'சடங்கு' என்பதுதான். பயன் அறியப்பட்டவை எல்லாம் பிற பெட்டிகளுக்குச் சென்றபின் எஞ்சுவதை இடும் இடம் அது. ஆகவே சடங்குப் பொருள் என்ற சீட்டு பல நேரங்களில் அந்தப் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆய்வாளரின் அறிவு எந்த எல்லையில் நின்றது என்பதை மட்டுமே சொல்கிறது. தொல்லியலாளர்கள் தமக்குள்ளேயே இதைப் பற்றி நெடுங்காலமாகப் பேசிச் சிரித்துவருகிறார்கள்.

இதற்குக் கண்முன் உள்ள சான்று, ரோமானியர் காலத்துப் பன்னிருமுக வெண்கலப் பொருள். கைக்குள் அடங்கும் அளவு, உள்ளே வெற்றிடம், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு விட்டமுள்ள வட்டத் துளை, இருபது மூலைகளிலும் சிறு குமிழ்கள். 1739இல் இங்கிலாந்தில் கிடைத்ததே பதிவான முதல் கண்டெடுப்பு. இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து எனப் பேரரசின் வடமேற்குப் பகுதியில் கிடைக்கின்றன; இத்தாலியின் மையப் பகுதியில் இல்லை. எழுதுவதில் அத்தனை ஆர்வம் காட்டிய அந்தச் சமூகத்தின் எந்த நூலும் இதைக் குறிப்பிடவில்லை. மெழுகுவர்த்தித் தாங்கி, தூரம் அளக்கும் கருவி, விதைப்புக் காலம் கணிக்கும் கருவி, கையுறை பின்னும் சட்டம், தாயக்கட்டை என்றெல்லாம் சொல்லப்பட்டது. அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் அளவுக்கருவி என்பது பொருந்தவில்லை. எண்களோ எழுத்தோ இல்லாததால் வேறு பலவும் பொருந்தவில்லை. 2023இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் தன்னார்வ ஆய்வுக்குழு ஒன்று ஏறத்தாழ முழுமையான ஒன்றைத் தோண்டி எடுத்தபோதும் புதிர் அவிழவில்லை. சமயச் சடங்கோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்ற விளக்கமே அதற்கும் முன்வைக்கப்பட்டது. அது தவறு என்று யாரும் காட்டிவிடவில்லை. ஆனால் அந்த விளக்கத்தை எட்டிய வழி, கழிப்பறைத் தொட்டியைப் புனிதக் கலமாக்கிய வழியேதான்.

பெயர் சூட்டுவதும் ஒரு விளக்கமே. அதுவும் திரும்பப் பெறமுடியாத விளக்கம். மொகஞ்சதாரோவில் 1920களில் கிடைத்த, பதினேழரை சென்டிமீட்டர் உயரமுள்ள மாக்கல் சிலைக்கு 'பூசாரி அரசன்' என்று பெயர் வந்தது. அவர் பூசாரி என்பதற்கும் சான்றில்லை, அரசன் என்பதற்கும் சான்றில்லை. அதே நகரத்தில் கிடைத்த வெண்கலப் பெண்ணுருவம் நடனமாடுகிறது என்பதற்கு, இடுப்பில் கை வைத்து நிற்கும் தோரணை தவிர வேறு ஆதாரம் கிடையாது. 'பெருங்களஞ்சியம்' என்று தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அழைத்த கட்டடத்தில் தானியம் சேமிக்கப்பட்டதற்கான தடயம் இல்லை. அந்நகரத்தில் கிடந்த எலும்புக்கூடுகளை வைத்து, படையெடுத்து வந்தவர்கள் மக்களைக் கொன்று குவித்தார்கள் என்றும் வீலர் எழுதினார். 1964இல் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ், அந்த எலும்புக்கூடுகள் ஒரே நாளில் விழுந்தவையே அல்ல, வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை என்று எடுத்துக்காட்டி அக்கதையை மறுத்தார். மறுப்பு வந்து அறுபது ஆண்டுகள் கடந்தும், பெயர்கள் பாடநூல்களில் அப்படியே நிற்கின்றன. ஒரு பெயரைக் கேட்டுவிட்ட கண், அதன்பின் சிலையைப் பார்ப்பதில்லை, பெயரையே பார்க்கிறது.

மனிதரல்லாதவற்றை மனிதராகக் கண்டதும் நடந்திருக்கிறது. சுவிஸ் அறிஞர் யோஹான் ஷாய்க்ட்சர் 1726இல் ஒரு புதைபடிவத்தை, விவிலியத்தில் வரும் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதனின் எலும்புக்கூடு என்று வெளியிட்டார். 1811இல் பிரெஞ்சு உயிரியலாளர் குவியே அந்தக் கல்லை மேலும் செதுக்கி முன்னங்கால்களை வெளிக்கொணர்ந்தபோது அது பல்லி போன்ற உருவமுள்ள நீர்நில வாழ்வியான ஒரு பெரிய சலமாண்டர் என்று தெரிந்தது. ஷாய்க்ட்சர் கவனமற்றவர் அல்லர். வெள்ளத்தின் சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தவர். தேடுபவருக்குத் தேடிய பொருளே கிடைக்கும் என்ற இந்த இயல்பை, கற்பனை அறிஞர்களுக்கும் நல்ல எழுத்தாளர்கள் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய வேற்றுக்கிரகவாசி தன் கோளின் வழக்கத்தையே எங்கும் காண்கிறார். முட்டையிடும் இனத்தைச் சேர்ந்தவர் கால்பந்தை வழிபாட்டுக்குரிய முட்டை என்று கொள்வதில் ஒரு நியாயம் உண்டு.

வேற்றுக்கிரக அறிஞர் எனும் கற்பனையைப் பூமியில் வைத்துப் பேசுவதைவிட நிலவில் வைத்துப் பேசுவது பொருத்தமானது. பூமியில் மழையும் காற்றும் வேர்களும் நம் தடயங்களைப் பெரும்பாலும் அழித்துவிடும். நிலவில் காற்றில்லை, நீரில்லை. நுண்விண்கற்கள் மட்டுமே மெல்ல அரிக்கின்றன. அங்கே விட்டுவந்தவை பல லட்சம் ஆண்டுகள் இருக்கும். அப்படியானால் நம்மைப் பற்றி உண்மையிலேயே ஓர் அந்நியர் படிக்கக்கூடிய முதல் தொல்லியல் தளங்கள், 1969 முதல் 1972 வரை மனிதர் இறங்கிய அந்த ஆறு இடங்கள்தான். அவற்றை அவர் எப்படிப் படிப்பார் என்று எண்ணிப்பார்க்க எந்தக் கற்பனைப் பொருளும் தேவையில்லை; உள்ளவையே போதும்.

ஆறு இடங்களிலும் நான்கு கால்கள் கொண்ட, பொன்னிறப் படலம் சுற்றிய ஒரு மேடை நிற்கிறது. அதன் மேற்பாதியில் ஏறித்தான் வீரர்கள் திரும்பிச் சென்றார்கள். எனவே மேற்பாதி அங்கே இல்லை. முதல் இடத்தைத் தவிர்த்தால், பெரும்பாலும் ஒவ்வொரு மேடைக்கும் அருகில் ஒரு கம்பத்தில் துணி. சூரியனின் புற ஊதாக் கதிர்பட்டு அத்துணிகள் நிறமின்றி வெளுத்திருக்கக்கூடும். ஆறு இடங்களும் பூமியைப் பார்க்கும் பக்கத்திலேயே உள்ளன; மூன்று இடங்களில், பூமியை நோக்கியே சாய்த்து வைக்கப்பட்ட கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. பொன் பீடம், வெள்ளைக் கொடி, தாய்க்கோளை நோக்கிய கண்ணாடி: மீண்டும் மீண்டும் வரும் இந்த அடுக்கைக் கண்டு யாத்திரைத் தலம் என்ற முடிவுக்கு வராத அறிஞர் அரிது. பூமியோடு வானொலித் தொடர்பு அறுந்துவிடக்கூடாது என்பதால்தான் இப்பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும், அக்கண்ணாடிகள் பூமியிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பித் தூரத்தைத் துல்லியமாக அளக்க வைக்கப்பட்டவை என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிகளின் அமைப்பை ஆராய்ந்தால் வந்த ஒளி வந்த திசைக்கே திரும்பும் என்று கண்டுபிடித்துவிடுவார். ஏணியின் கீழ்ப்படி அது. அதற்கு மேலே ஏறும்போதுதான் வழி பிரியும்.

சிறு பொருள்களுக்கு வருவோம். அப்பல்லோ 15 இறங்கிய இடத்தில் ஒரு பறவை இறகு கிடக்கிறது. காற்றே இல்லாத கோளத்தில், பறப்பதற்கென உருவான ஓர் உறுப்பு! வெற்றிடத்தில் கனமான பொருளும் இலேசான பொருளும் ஒரே வேகத்தில் விழும் என்ற கலிலியோவின் கருத்தை மெய்ப்பிக்க, விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் 1971இல் ஒரு சுத்தியலையும் இந்த வல்லூறு இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். நிகழ்வு சில நொடிகளில் முடிந்தது, இறகு மிஞ்சியது. செயல் போய்ப் பொருள் மட்டும் எஞ்சும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதே தளத்தில், எட்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினிய மனித உருவம் மண்ணில் படுத்த நிலையில் கிடக்கிறது; பக்கத்தில் பதினான்கு பெயர்கள் பொறித்த தகடு. விண்வெளிப் பணியில் இருந்து மறைந்த அமெரிக்க, சோவியத் வீரர்களுக்கான நினைவுச்சின்னம் அது. இதைச் சடங்குப் பொருள் என்று அறிஞர் சொன்னால், இந்த ஒரு முறை அவர் சொல்வது சரி. பக்கத்தில் கிடக்கும் இறகும் அதே சடங்கைச் சேர்ந்தது என்று அவர் தொடர்ந்தால், சரியான முதல் விளக்கமே அவரைத் தவறான இரண்டாவது விளக்கத்துக்குள் இழுத்துச் சென்றிருக்கும்.

அதே ஆண்டில் அப்பல்லோ 14 இறங்கிய இடத்தில் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் இரண்டு கோல்ஃப் பந்துகளை அடித்தார். மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் பொருத்திய மட்டைத்தலையை அவர் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பந்துகள் அங்கே இருக்கின்றன. அறிவியல் கருவிகள் சூழ்ந்த ஓர் இடத்தில், மேற்பரப்பெங்கும் சிறு குழிகள் ஒரே சீராகப் பதிக்கப்பட்ட இரு வெண் கோளங்கள். குழிகள் நிறைந்த வெண்கோளம் என்றால் அது நிலவின் சிற்றுருவமாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்த அறிஞரும் எழுதுவார். அந்த விளக்கம் அழகாகவும் இருக்கும். விளையாட்டு என்ற காரணம் அவருக்குத் தோன்றாது. ஏனெனில் இவ்வளவு பெரும் செலவிலும் ஆபத்திலும் இவ்வளவு தூரம் வந்த ஓர் உயிரினம் அங்கே பந்தடித்து மகிழ்ந்தது என்பது எந்த ஆய்வு நெறிக்கும் பொருந்தாத முடிவு. மேலும் ஒன்று: நிலவில் கால்பதித்த பன்னிரண்டு பேரில் ஒருவருடைய உடலும் அங்கில்லை. ஆனால் 1999இல் தென்துருவப் பகுதியில் மோதவிடப்பட்ட ஆய்வுக்கலம் ஒன்றில் ஒரு மனிதரின் சாம்பல் இருந்தது. அவர் நிலவியல் அறிஞர் யூஜீன் ஷூமேக்கர். உயிரோடிருந்தபோது நிலவுக்குச் செல்ல முடியாதவர். கால்தடம் பதித்தவர்களின் எச்சம் இல்லாமல், பதிக்காத ஒருவரின் எச்சம் மட்டும் இருக்கும் அந்த இடத்தை வைத்து ஒரு பரம்பரையையே எழுதிவிடலாம்.

2018 பிப்ரவரியில் ஒரு புதிய ஏவுகலத்தின் சோதனைச் சுமையாக, விண்வெளி உடை அணிந்த பொம்மையை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, ஒரு டெஸ்லா கார் சூரியனைச் சுற்றும் பாதைக்கு அனுப்பப்பட்டது. மன்னனைத் தேரோடு புதைத்த சமூகங்களைப் பற்றிப் படித்த எவரும் இதை ஈமச்சடங்கு என்றே கொள்வார். உடைக்குள் உடல் இல்லை என்று கண்டபின்னும், உடல் கிடைக்காத மாவீரனுக்கான நினைவடக்கம் என்று சொல்ல இடமிருக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், 2025 ஜனவரியில் சிறுகோள்களைப் பதிவுசெய்யும் பன்னாட்டு மையமே இந்தக் காரைப் புதிய சிறுகோள் என்று கருதி, 2018 சிஎன்41 என்று பெயரிட்டு, மறுநாளே அதை நீக்கியது. நம் கையால் அனுப்பி ஏழு ஆண்டுகள்கூட ஆகாத பொருளை நாமே இயற்கைப் பொருளாகப் படித்தோம். பதிவேடுகள் இருந்ததால் திருத்த முடிந்தது. வேற்றுக்கிரக அறிஞரிடம் பதிவேடு இருக்காது.

தற்செயலாக எஞ்சியவை தவறாகப் படிக்கப்படுவது இயல்பு. படிக்கப்படவேண்டும் என்றே அனுப்பியவற்றின் நிலை என்ன? 1972இல் பயனியர் 10 விண்கலத்தில் பொருத்திய தகட்டில் ஓர் ஆணும் பெண்ணும், சூரியக் குடும்பமும், விண்கலம் சென்ற பாதையைக் காட்டும் அம்புக்குறியும் வரையப்பட்டிருந்தன. கலை வரலாற்றாளர் கோம்ப்ரிச் அதே ஆண்டில் அந்த அம்பைச் சுட்டிக் கேள்வி எழுப்பினார்: வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடாத இனத்துக்கு அந்தக் குறி எப்படித் திசையைக் காட்டும்? அந்நியருக்கென்றே வரைந்த படத்தில்கூட நம் வேட்டைக் காலம் நமக்குத் தெரியாமலே புகுந்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து வாயேஜர் கலங்களில் அனுப்பிய பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் 115 படங்களும், 55 மொழிகளில் வாழ்த்தும், ஏறத்தாழ 90 நிமிட இசையும் உள்ளன. அப்படங்களில் ஒன்று, மனிதர் வாயை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்குவதற்காகவே ஆட்களை நிறுத்தி எடுத்தது. ஒருவர் குவளையை உயர்த்தி வாய்க்குள் நீர் ஊற்றுகிறார், ஒரு பெண் பனிக்கூழை நக்குகிறார், இன்னொருவர் ரொட்டியைக் கடிக்கிறார். உண்ணுதல் என்ற ஒன்றை அறியாதவர் முன் இந்தப் படத்தை வைத்தால், மூன்று பேர் மூன்று வெவ்வேறு பொருள்களை முகத்தருகே உயர்த்தி நிற்கும் காட்சி, மைனர் எழுதிய வாய்ச்சடங்கின் படமாகவே தோன்றும். விளக்கம் தர முயன்ற கவனமே அப்படத்தை விசித்திரமாக்குகிறது. யாரும் அப்படி வரிசையாக நின்று உண்பதில்லை.

இந்தச் சிக்கல் சிரிப்புக்கு இடமில்லாத ஓர் இடத்திலும் எழுந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உப்புப் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைக்கும் தளத்துக்கு, பத்தாயிரம் ஆண்டுகள் நிலைக்கும் எச்சரிக்கை தேவைப்பட்டது. 1993இல் வெளியான அறிக்கையில் மொழியியலாளர், வானியலாளர், மானிடவியலாளர் எனப் பலதுறையினர் கூடி, அங்கே வரப்போகும் மனிதர் நமக்கு வேற்றுக்கிரகவாசிக்கு ஒப்பானவர் என்ற நிலையிலிருந்தே சிந்தித்தார்கள். மண்ணிலிருந்து பிரம்மாண்டமான முட்கள் எழும் நிலப்பரப்பு அவர்கள் முன்வைத்த யோசனைகளில் ஒன்று. ஆனால் பெரிய சின்னம் தோண்டும் ஆசையைத் தூண்டும் என்ற அச்சமும் இருந்தது. அச்சுறுத்தும் எழுத்துகள் எகிப்தியக் கல்லறைகளைக் காக்கவில்லை. எச்சரிக்கையை அருங்காட்சியகச் செல்வமாகப் படிக்கும் ஓர் ஆர்வமிக்க அறிஞரே அங்கே மிகப் பெரிய ஆபத்து.

இந்த எழுத்து வகையில் தோல்வியுறும் படைப்புகள் ஏன் தோற்கின்றன என்பதும் இங்கிருந்து விளங்குகிறது. அவை ஒற்றைப் பொருளைத் தனியே தூக்கிக் காட்டி, அறிஞரை எதையும் ஒப்பிடாதவராக ஆக்கிவிடுகின்றன. உண்மையான அகழாய்வில் தனிப் பொருளைவிட அது எதனோடு எந்த அடுக்கில் கிடந்தது என்பதே பெரிது. 1925இல் மெசொப்பொத்தேமியாவில் 'ஊர்' என்னும் பெயருடைய பழைய நகரத்தைத் தோண்டிய தொல்லியலாளர் லியோனார்ட் வூலி, ஒரே தளத்தின் மீது பல நூறு ஆண்டு இடைவெளியுள்ள பொருள்கள் அருகருகே கிடப்பதைக் கண்டார். அடுக்குகள் கலைந்துவிட்டன என்றோ, காலக்கணிப்பு தவறு என்றோ அவர் விட்டுவிடவில்லை. அங்கேயே கிடந்த களிமண் உருளை ஒன்று, பழைய கல்வெட்டின் படியைத் தாங்கிய விளக்கக் குறிப்பாக இருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனிய அரசன் நபோனிடசின் மகள் சேர்த்துவைத்த அருங்காட்சியகத்துக்குள் தாம் நிற்பதை அவர் உணர்ந்தார். பழம்பொருளைச் சேர்த்து வைப்பதும் மனித வழக்கம் என்று அறிந்திருந்ததால்தான் அவரால் அதை உணர முடிந்தது. அந்த வழக்கமே இல்லாத கோளிலிருந்து வந்தவர் அதே அறையில் என்ன எழுதியிருப்பார் என்று ஒரு நல்ல எழுத்தாளர் கேட்டுப்பார்த்தால், எளிய கேலியை விட ஆழமான கதை கிடைக்கும்.

குப்பையும் அறிஞருக்குக் கைகொடுக்கும். 1973இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே, டூசான் நகரத்து வீடுகளின் அன்றாடக் குப்பையைத் தொல்லியல் முறைப்படி வகைப்படுத்தத் தொடங்கினார். மதுவை எவ்வளவு அருந்துகிறோம் என்று மக்கள் நேர்காணலில் சொன்ன அளவைவிடக் குப்பையில் இருந்த காலிப் புட்டிகள் அதிகமாக இருந்தன. அந்த ஒரு செய்தியில் வேற்றுக்கிரக அறிஞருக்குச் சார்பான வாதம் முழுவதும் இருக்கிறது. உள்ளிருந்து வாழ்பவரின் விளக்கமே இறுதியானது என்று நாம் எண்ணுகிறோம். அவரும் தம் வாழ்வைத் தவறாகப் படிப்பவரே. தொலைக்காட்சிப் பெட்டியைப் பீடம் என்று அழைத்த அறிஞர் அதன் பயனைத் தவறாகச் சொன்னார். ஆனால் ஒரு குடும்பம் தன் இருக்கைகளை எதை நோக்கித் திருப்பியது, நாளின் எந்தப் பொழுதை அதற்கு ஒதுக்கியது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எவ்வளவு இடம் விட்டது என்பவற்றைக் கவனித்தவர் அவர்தான். அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இனி எழுதப்போகும் கதைகளுக்கு ஒரு புதிய இடர் உண்டு. சாவிக்குப் பற்கள் இருந்தன, தொட்டிக்கு வடிகால் இருந்தது. தவறாகப் படிக்கவாவது வடிவம் ஏதோ ஒன்றைச் சொன்னது. இன்று கடிதம், வரைபடம், கேமரா, பணப்பை, கடிகாரம், இசைப்பெட்டி ஆகியவை அனைத்தும் ஒரே அளவுள்ள கண்ணாடிப் பலகைக்குள் சென்றுவிட்டன. மின்னூட்டம் போனபின் கைபேசி தன் பயனைப் பற்றி எந்தக் குறிப்பும் தராது. நினைவகத்தில் இருந்த பதிவுகளும் காலப்போக்கில் அழிந்துவிடும். அறிஞருக்குக் கிடைப்பது, கோளின் எல்லா நிலப்பகுதிகளிலும், செல்வரின் வீட்டிலும் வறியவரின் வீட்டிலும் கோடிக்கணக்கில் கிடக்கும், விரல் தேய்த்த தடம் மட்டுமே கொண்ட ஒரே மாதிரியான கருந்தகடுகள். ஹாக்சின் ஏணியில் கீழ்ப்படிக்கு உரிய எல்லாமே அதில் உண்டு: எந்தக் கனிமம் எந்த நாட்டில் தோண்டப்பட்டது, எப்படி உருக்கப்பட்டது, எங்கே பொருத்தப்பட்டது என்று வரிசையாக எழுதிவிடலாம். இரண்டாவது படியும் கடினமல்ல. இத்தகைய பொருளைச் செய்யக் கோளெங்கும் பரவிய வணிகம் தேவை என்பது அந்தக் கனிமங்களிலிருந்தே விளங்கும். அதற்கு மேல் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் ஊகமாகவே இருக்கும். இத்தனை கோடித் தகடுகளும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக் காலத்துக்குள் கோள் முழுவதும் பரவின என்ற சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'சடங்கு' என்ற பெட்டியைத் தவிர வேறு எதைத் திறப்பது என்று அவர் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.